துறைமுகம் கேட்டு மனுப் போட்டவர்கள்

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் கம்பெனியில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். பில் ஆஃப் என்ட்ரி, வார்ஃபேஜ், டெமரேஜ் என்று காகிதங்களோடு துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் நடந்தே தேய்ந்த செருப்புகள் எத்தனையோ. அப்போதெல்லாம் இந்தத் துறைமுகம் எப்படி வந்தது என்று யோசித்ததே இல்லை. மெரினா மாதிரி, கூவம் மாதிரி, அதுவும் முன்பே இருந்தது என்றுதான் நினைப்பு. ஓய்வு பெற்ற பிறகு கன்னிமாராவில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சென்னைப் பட்டணம் உருவாகி 200 வருஷத்துக்கு மேல் இங்கே துறைமுகம் என்று ஒன்று கிடையாது. அது தானாக வரவில்லை. வியாபாரிகள் கேட்டுக் கேட்டு, அரசாங்கம் இழுத்து இழுத்து, கடல் இரண்டு மூன்று முறை இடித்துத் தள்ளி, அப்புறம்தான் நின்றது.

1639ல் பிரான்சிஸ் டே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே வளைகுடாவும் இல்லை, கழிமுகமும் இல்லை. நேர்கோடு போட்ட மாதிரி மணல் கரை. கப்பல்கள் கரையிலிருந்து ஒன்று இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலை. நம் கடற்கரை அலை சாதாரணமானதல்ல, அடுக்கடுக்காக வந்து உடையும். ஐரோப்பாவில் செய்த படகை அதில் இறக்கினால் பலகை பிளந்துவிடும். அதைத் தாண்டத் தெரிந்தவர்கள் நம் குப்பத்து மக்கள்தான். அவர்களுடைய மசூலாப் படகில் ஒரு ஆணி கூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது படகு வளைந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள், யாராவது கவிழ்ந்து விழுந்தால் தூக்க.

கவர்னரே வந்தாலும் இதே வழிதான். கப்பலிலிருந்து நாற்காலியில் உட்கார வைத்துப் படகில் இறக்கி, கரை தட்டியதும் படகுக்காரர் தோளில் ஏற்றி மணலில் விடுவார்கள். வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைப் பற்றிப் பயந்து பயந்து எழுதிவைத்திருக்கிறார்கள். படகுக்காரர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதிவைக்க யாரும் இல்லை. ஆனால் அவர்கள் ஒரு சாட்சி விட்டுப் போயிருக்கிறார்கள். ராயபுரத்தில் இருக்கும் புனித ராயப்பர் கோயில் அந்தப் படகுக்காரர் சமூகத்தின் காசில் எழும்பியது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். இந்த ஊரின் ஏற்றுமதி இறக்குமதி முழுவதும் ஒரு காலத்தில் யார் தோளில் போனது என்பது தெரியும்.

மனிதர்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். சரக்குதான் சங்கடம். துணி மூட்டை நனையும். சாராயப் பீப்பாய் அலையில் போகும். கொஞ்சம் வழியில் மாயமாகவும் போகும், அதையும் அலை மேல் எழுதுவார்கள். கடல் கொந்தளித்தால் கரையில் கொடி ஏற்றிவிடுவார்கள். அன்றைக்குப் படகு போகாது. கப்பல் சும்மா நிற்கும். கப்பல் சும்மா நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் காசு.

1770ல் இங்கே கம்பெனி உத்தியோகத்தில் இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், கடலுக்குள் ஒரு பாலம் மாதிரி நீட்டினால் என்ன என்று யோசனை சொன்னார். பிற்பாடு கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் ஆனவர் அவரேதான். யோசனை காகிதத்திலேயே தூங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது அவசரமில்லை. வியாபாரம் அதன் கையில். படகு நனைந்தாலும் நஷ்டத்தை விலையில் ஏற்றிக்கொள்ளலாம்.

நிலைமை மாறியது 1830களில். 1833ல் வந்த சட்டம் கம்பெனியின் வியாபாரத்தையே முடித்து வைத்தது. இனி அது அரசாங்கம் மட்டும்தான். சரக்கு தனியார் கம்பெனிகளின் கைக்கு வந்தது. அவர்கள் 1836ல் கூடி மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸை ஆரம்பித்தார்கள். பின்னி, பாரி, அர்பத்நாட் என்று நாம் கேட்டுப் பழகிய பெயர்கள்தான். முதல் தலைவர் ஒரு அர்பத்நாட். வெள்ளைக்காரர்களின் சங்கம் அது, நம்மவர்களுக்காகத் தொடங்கியதில்லை. ஆனால் ஒரு காரியத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். பிடித்த பிடியை விடவில்லை. பாலம் வேண்டும், அலைதாங்கிச் சுவர் வேண்டும், துறைமுகம் வேண்டும் என்று வருஷம் தவறாமல் மனு.

மனுவில் நியாயமும் இருந்தது. 1856ல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த ரயிலுக்கு லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு அரசாங்கம் 5 சதவீத வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. ரயில் நஷ்டப்பட்டாலும் அவர்களுக்குப் பணம் போய்ச் சேரும். இந்தியக் குடியானவனின் வரியிலிருந்து. அந்த ரயிலுக்கான தண்டவாளமும் இன்ஜினும் கூட இந்த அலையைத் தாண்டி, கப்பலிலிருந்து இறங்கித்தான் வந்தாக வேண்டும். உள்நாட்டில் மணிக்கு இருபது மைல் போகும் சரக்கு, கடைசி ஒரு மைல் கடலில் கயிறு தைத்த படகுக்குக் காத்திருக்கிறது. ரயிலுக்கு இத்தனை பணம் கொடுத்துவிட்டு, அது போய் முட்டும் இடத்துக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

1861ல் ஒரு வழியாக இரும்புப் பாலம் வந்தது. திருகாணி மாதிரி முனை உள்ள இரும்புத் தூண்களைக் கடலடி மணலில் முறுக்கி இறக்கி, அதன் மேல் மேடை போட்டு, ஆயிரம் அடிக்கும் மேல் நீளம். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்திருக்கும். ஆனால் பாலம் அலையை நிறுத்தாது. பெரிய கப்பல் அதன் பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ள முடியாது. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து படகில் கொண்டுவந்து, மணலில் இறக்குவதற்குப் பதில் பாலத்தின் மேல் ஏற்ற வேண்டும். ஓரளவு லாபம், அவ்வளவுதான். அதற்கும் கண் பட்டது. 1868லும் 1872லும் அடித்த புயல்களில் பாலம் உடைந்து நொண்டியானது.

இதற்கு நடுவில் 1869ல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டார்கள். பாய்மரக் கப்பலின் காலம் போய் நீராவிக் கப்பலின் காலம். பாய்மரக் கப்பலுக்கு நாலு நாள் தாமதம் பெரிய விஷயமில்லை. நீராவிக் கப்பல் நிலக்கரி எரித்துக்கொண்டு, தேதி குறித்து வந்து, தேதி குறித்துப் போக வேண்டியது. நல்ல துறைமுகம் உள்ள ஊருக்குத்தான் அது வரும். பம்பாய்க்கு இயற்கையே துறைமுகம் கொடுத்திருந்தது. சென்னை வியாபாரிகளின் குரலில் அப்போதுதான் உண்மையான பயம் ஏறியது. கேட்டால் வசதி என்றிருந்தது, கிடைக்காவிட்டால் ஊரே பின்தங்கும் என்றாகிவிட்டது.

கராச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்த வில்லியம் பார்க்ஸ் என்ற இன்ஜினியர் திட்டம் போட்டார். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு சுவர்கள், பெரிய பெரிய கான்கிரீட் கட்டைகளை அடுக்கி. ஒன்றுக்கொன்று சுமார் 1,000 கஜம் தள்ளி நேராக உள்ளே போய், நுனியில் ஒன்றை நோக்கி ஒன்று வளையும். நடுவே கிழக்கே பார்த்து ஒரு வாய். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், இங்கே வந்து அடிக்கல் நாட்டினார்.

அடுத்த வருஷமே பஞ்சம். 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொன்ன அதே பஞ்சம். வெளியிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் வந்தது. அலை தாண்டிப் படகில் இறங்கியது. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் மலையாகக் குவிந்து, போலீஸ் காவலில் கிடந்தன. அந்த மலைக்குச் சில பர்லாங்கு தூரத்தில், கிராமத்திலிருந்து வந்தவர்கள் தெருவில் சுருண்டு விழுந்தார்கள். துறைமுகம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தானியம் இறங்காததால் அல்ல, வாங்கக் காசில்லாததால் செத்தவர்கள்தான் அதிகம். ஆனால் இறங்கிய தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டு போகப் போதிய வண்டியில்லை, மாடு செத்துவிட்டது, ரயில் பாதை குறைவு. அதுவும் உண்மை.

சுவர்கள் ஏறக்குறைய முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12ஆம் தேதி புயல். ஐந்தாறு வருஷமாக அடுக்கியதைக் கடல் ஒரே ராத்திரியில் கலைத்தது. டன் கணக்கில் எடையுள்ள கட்டைகளை விளையாட்டுச் சாமான் மாதிரி உள்பக்கமாகத் தூக்கி எறிந்திருந்தது. அலைக்கு எவ்வளவு பலம் என்று தெரியாமல் கட்டிவிட்டார்களா என்று விசாரிக்க லண்டனில் மூன்று பேர் கமிட்டி. ஹாக்‌ஷா, கூட் என்று இரண்டு பெரிய இன்ஜினியர்கள், மூன்றாமவர் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஸ்டோக்ஸ். கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கு ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருக்கும். அவரேதான். நம் காசிமேட்டு அலை கேம்பிரிட்ஜ் வரை போய்க் கணக்குப் போட வைத்திருக்கிறது!

பிறகு வாய் கிழக்கே இருக்கட்டுமா, வடகிழக்கே இருக்கட்டுமா என்று வருஷக்கணக்கில் சண்டை. ஒருவழியாகக் கிழக்கு வாயோடு 1896ல் வேலை முடிந்தது என்றார்கள். அடிக்கல்லுக்கும் இதற்கும் 21 வருஷம்.

யார் பணம் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான கேள்வி. சேம்பர்காரர்கள் தங்கள் பெட்டியைத் திறந்து துறைமுகம் கட்டவில்லை. அரசாங்கம் கடனாகப் பணம் போட்டது. அந்தக் கடனை அசலும் வட்டியுமாக அடைக்க, வரும் கப்பல் மீதும் ஏறி இறங்கும் சரக்கு மீதும் கட்டணம். மேலோட்டமாகப் பார்த்தால் உபயோகிக்கிறவன் கட்டுகிறான், நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் மண்ணெண்ணெய் டின் மேல் விழுந்த கட்டணத்தைக் கடைசியில் கட்டியது வேலூரிலும் கடப்பையிலும் விளக்கேற்றியவள். தோல் ஏற்றுமதி மீது விழுந்ததைக் கட்டியது, விலை குறைத்து வாங்கப்பட்ட கிராமத்துத் தோல்காரன். 34 வருஷம் பில் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன், எந்தக் கட்டணமும் அது விழுந்த இடத்தில் தங்காது. கீழே இறங்கிக்கொண்டே போகும், இனி யார் மேலும் தள்ள முடியாதவன் கையில் நிற்கும்.

அதற்காக வியாபாரிகள் கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் கல்கத்தாவும் லண்டனும் இந்தக் கரையைத் திரும்பிப் பார்த்திருக்காது. கூட்டமாகக் கேட்டார்கள், கணக்கு வைத்துக் கேட்டார்கள். குடியானவனுக்கு அப்படிக் கேட்க ஒரு சேம்பர் இல்லை.

1896ல் முடிந்தது என்றேனே, அது அரைகுறை. சுவருக்குள் அலை அடங்கியது உண்மை. ஆனால் கப்பல் பக்கத்தில் வந்து நிற்கக் கரைமேடை கிடையாது. கப்பல் உள்ளே மிதவையில் கட்டி நிற்க, பழையபடி படகிலேயே சரக்கு இறங்கியது. கிழக்கு வாய் வழியே மணலும் அலையும் வந்துகொண்டிருந்தது. இதைச் சரி செய்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ரயில்வே இன்ஜினியர், ஆறுகளை அடக்கிப் பாலம் கட்டுவது பற்றிப் புத்தகமே எழுதியவர். 1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் தலைவர். கிழக்கு வாயை அடைத்தார், வடகிழக்கில் புது வாய் திறந்தார், கரைமேடைகளும் கிடங்குகளும் ரயில் பாதைகளும் போட்டார். நாம் அறிந்த துறைமுகம் அவர் கட்டியதுதான். சென்னையில் முதலில் பதிவான மோட்டார் காரும், எம்.சி. 1, அவருடையது.

துறைமுகம் பற்றி எழுதினால் ராமானுஜன் வராமல் இருப்பாரா? 1912 மார்ச் 1ஆம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சீஃப் அக்கவுண்டன்ட் நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் அவருடைய கணக்கைப் பார்த்து, இது வேறு சமாச்சாரம் என்று கண்டுகொண்டார்கள். ஒரு குமாஸ்தா ஆபீஸ் நேரத்தில் சொந்தக் கணக்குப் போடுவதைப் பார்த்து மெமோ கொடுக்காமல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப உதவிய மேலதிகாரிகள்! எனக்கு வாய்த்த மேலதிகாரிகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இன்னொன்று. 1906 அக்டோபரில் அர்பத்நாட் வங்கி திவாலானது. சேம்பரின் முதல் தலைவருடைய குடும்பப் பெயர் தாங்கிய அதே நிறுவனம். நம் ஊர்க்காரர்கள் சேமிப்பெல்லாம் அதில் போட்டுப் பறிகொடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி என்றால் கல்லில் எழுதிய மாதிரி என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. அடுத்த வருஷமே இந்தியன் வங்கி பிறந்தது. 1909ல் பி. தியாகராயச் செட்டியார் தலைமையில் தென்னிந்திய வர்த்தக சபை பிறந்தது. இனி நம்மவர்களும் தங்கள் பெயரில், தங்கள் லெட்டர் பேடில் மனுப் போடலாம்.

இப்போது மணல் விஷயத்துக்கு வருகிறேன். நம் கரையோரம் கடல், வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? தெற்கே மணல் தேங்கும், வடக்கே மணல் பஞ்சம். ஒரு காலத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே வந்து மோதிய கடல், துறைமுகச் சுவர் வந்தபின் பின்வாங்கிக்கொண்டே போயிற்று. உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமைப்படும் மெரினாவின் அகலம் பெருமளவு இந்தச் சுவர் பிடித்துக் கொடுத்த மணல். கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்ததும் 1880களில்தான்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டிய மணல். அங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் நிலத்தைக் கடல் தின்றுவிட்டது. குப்பங்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து சாலையில் வந்து முட்டின. படகை இழுத்துப் போட மணல் இல்லாத மீன்பிடிக் கரை. வடசென்னைக்காரர்களுக்கு இது புத்தகச் செய்தி அல்ல. கரையெங்கும் பாறாங்கல் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். மசூலாப் படகு ஓட்டி இந்த ஊர் வியாபாரத்தைத் தாங்கியவர்களின் வாரிசுகள்தான் அங்கே இருப்பவர்கள். முதலில் பிழைப்புப் போயிற்று, பிறகு கரை போயிற்று. சேம்பரின் மனுக்களிலும் சரி, துறைமுகக் கணக்குகளிலும் சரி, இந்தச் செலவுக்கு ஒரு பத்தி ஒதுக்கி வைத்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1964ல் ஜவஹர் டாக், பிறகு எண்ணெய்க்குப் பாரதி டாக், 1983ல் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம். கடல் பக்கம் எல்லாம் ஆயிற்று. அப்போது மறுபடியும் அதே கடைசி மைல் பிரச்சினை, இந்த முறை தரைப் பக்கம். என் கடைசிப் பத்து வருஷ சர்வீஸில், கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. ஒரு டிரைவர் இரண்டு நாள் கேபினிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, மூன்றாம் நாள் கேட் உள்ளே போவார். கப்பல் போய்விட்டிருக்கும். பார்ட்டி எங்களைத் திட்டுவார், நாங்கள் டிரான்ஸ்போர்ட்காரரைத் திட்டுவோம், அவர் டிரைவரைத் திட்டுவார். கட்டணத்தைப் பற்றிச் சொன்னேனே, திட்டும் அப்படித்தான் இறங்கும்.

வர்த்தக சபைகள் மறுபடி மனு எழுதின. மதுரவாயல் வரை பறக்கும் சாலைக்கு 2009ல் அடிக்கல். கூவத்துக்குள் தூண்கள் வருகின்றன என்று 2012ல் வேலை நின்றது. தூண்கள் மட்டும் பல வருஷம் தண்ணீரில் மொட்டையாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். எண்ணூர்–மணலி சாலை விரிவாக்கத்துக்கோ துறைமுகங்கள், நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு என்று பங்கு பிரித்து, பிறகு கரையோரக் குடும்பங்களை எங்கே குடியமர்த்துவது என்பதில் மாட்டி, வருஷங்கள் ஓடின. அதே குப்பங்கள்தான், கடல் விரட்டியது போதாதென்று இப்போது சாலையும். இதற்குள் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் புதுத் துறைமுகங்கள் வந்து, கப்பல்கள் அங்கே திரும்பத் தொடங்கின. சூயஸ் திறந்தபோது எந்தப் பயம் இருந்ததோ அதே பயம். மதுரவாயல் சாலைக்கு 2022 மே மாதம் இரண்டாவது முறையாக, இரண்டடுக்காக, 5,000 கோடிக்கு மேல் செலவில் இன்னொரு அடிக்கல் நாட்டினார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய மகன் இப்போது கிளியரிங் தொழிலில் இருக்கிறான். போன வாரம் போன் செய்தபோது கேட்டேன், இப்போது கேட்டில் எப்படிப்பா என்று. "முன்ன மாதிரி இல்ல அங்கிள், பரவாயில்ல. பாதி பாக்ஸ் காட்டுப்பள்ளி போயிடுதே" என்றான்.